இடப்பக்கம் இரண்டு அழுத்து

வெள்ளிக்கிழமை, பதினொன்று இருபது. கோட்டைமேட்டில் யூனுஸின் பட்டறை முன் குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் கயிற்றில் கட்டிய பழைய யெஸ்டி பைக். முன்னாலிருந்து மெல்வின் இறங்கினான். பிறகு அவன் மனைவி லின்சி, கைத்தடியை முதலில் ஊன்றி.

பதினொரு மாதத்துக்கு முன் ஆழியாறு ரோட்டில், ஒரு வளைவில், அந்த யெஸ்டியின் பின்பக்கம் ஆடி, இருவரும் விழுந்தார்கள். மெல்வினுக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடுப்பெலும்பு முறிவு.

"இந்தக் காலோட எதுக்கு தங்கச்சி? தம்பி மட்டும் வந்தா ஆகாதா?" என்றார் யூனுஸ்.

"என்ன கெட்டுப்போச்சுன்னு கண்ணால பாக்கணுங்ணா. ஊட்டு கேட்டுக்கு எண்ணெய் உடச் சொல்லி ரெண்டு வருசமாச்சு. இதுக்கு மட்டும் மாசாமாசம் கிரீஸ் அடிச்சாராமா."

"அடிச்சேன் லின்சி."

"அடிச்சீங்க, அடிச்சீங்க."

அவளுக்கு ஸ்டூல் போட்டார் யூனுஸ். வண்டியைப் பெட்டிமேல் ஏற்றிப் பின்சக்கரத்தைப் பிடித்து அசைத்தார். இடப்பக்கம் விரல் அகலத்துக்கு ஆடியது.

பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் முன்முனை ஒரு குழாய். அதன் இரண்டு வாயிலும் புஷ் என்ற உலோக வளையம் ஒவ்வொன்று, உள்ளே குறுக்காக ஒரு இரும்புப் பின். பழைய புஷ்களை எடுத்துவிட்டு யூனுஸ்தான் இரண்டு வருடம் முன்பு கன்மெட்டல் வெண்கலத்தில் கடைந்து போட்டார். குழாயின் அடியில் துளையிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கிரீஸ் ஏற்றும் நிப்பிளும் வைத்தார். அது அவருடைய சொந்த யோசனை. இதற்காகவே உடுமலைப்பேட்டையிலிருந்தெல்லாம் வண்டிகள் வருகின்றன.

"கிரீஸ் எப்படி அடிச்சீங்க தம்பி?"

"நீங்க சொன்ன மாதிரியேதானுங்ணா. கிரீஸ் கன் இறுகினா நிறைஞ்சுதுன்னு சொன்னீங்கல்ல? வலப்பக்கம் பத்து, பன்னெண்டு அழுத்து வாங்கும். இடப்பக்கம் ரெண்டே அழுத்து. இறுகிக்கும்."

யூனுஸ் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

நிறைந்தால் இறுகும். அடைத்தாலும் இறுகும். கிரீஸ் உள்ளே போக புஷ்ஷில் ஒரு துளை உண்டு. அது நிப்பிளுக்கு நேராக நிற்க வேண்டும். புஷ்ஷை அடித்து இறக்கும்போது அது திரும்பியிருந்தால், கிரீஸுக்கு எதிரே வெறும் கன்மெட்டல்.

"இன்னைக்கு ஜும்மா தம்பி. வண்டி இருக்கட்டும். சாயங்காலம் போன் பண்றேன்."

"ஜும்மா ஒரு மணிக்குத்தானுங்களே," என்றாள் லின்சி. "அவுத்து என்னன்னு பாத்துபோட்டுப் போறோம். இன்னொருக்கா அந்த லோடு வண்டில ஏறி எறங்க என்னால ஆகாது."

அவிழ்த்தார். இரும்புப் பின் இறுகியிருந்தது. பெரிய சுத்தியல் கேட்டது. வெளியே வந்தபோது வலமுனை கிரீஸில் பளபளத்தது. இடமுனை நீலம் பாய்ந்து, செந்தூளாக இருந்தது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

"காஞ்சு கெடக்குது," என்றான் மெல்வின்.

"பாத்தீங்களா," என்றாள் லின்சி. சத்தமாகச் சொல்லவில்லை.

மெல்வின் இரண்டு நிப்பிளையும் கழற்றி டீசலில் அலசினான். வலப்பக்கத் துளையில் கம்பி விட்டுக் குத்தினான். துணியால் புஷ்களைத் துடைத்தான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. கை நிற்காமல் இருந்தால் போதும் என்பதுபோல் செய்தான்.

யூனுஸ் ஆர்மை வைஸ் இடுக்கியில் பிடித்தார். நிப்பிள் துளைகள் தெருவைப் பார்த்து நின்றன. இடது புஷ்ஷுக்குள் விரல்விட்டுத் தடவினார். துளை தட்டுப்பட்டது. தெருப்பக்கம் இல்லை. சுவர்ப்பக்கம்.

விரலை எடுத்துப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

"என் தப்புதானுங்ணா," என்றான் மெல்வின். "ரெண்டு அழுத்தோட உட்டிருக்கக் கூடாது. உங்க வேலை சுத்தமான வேலை. நான்தான் கெடுத்துபோட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீ சொன்னதுதான் லின்சி."

பதினொரு மாதத்தில் அவன் அதை ஒப்புக்கொண்டது இதுவே முதல் முறை. லின்சி தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூனுஸ் வாயைத் திறந்தார். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. மூடிக்கொண்டார்.

புஷ்ஷுக்குள் கட்டையைப் பொருத்தி சுத்தியலை எடுத்தார். மூன்று அடி போதும். வெளியே வந்துவிட்டால் அது ஒரு வளையம். துளை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"அவசரம் வேண்டாங்ணா. பள்ளிக்குப் போய்ட்டு வந்து அடிங்க," என்றான் மெல்வின். "நாங்க இங்கயே இருக்கறோம்."

"இல்ல தம்பி. இதை எடுத்துட்டே போறேன்."

லின்சி எழுந்து வந்தாள். தடியின் சத்தம் வைஸ் வரை வந்து நின்றது. குனிந்து வலப்பக்க வாய்க்குள் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் வந்தாள்.

"கட்டையைக் கொஞ்சம் எடுங்கண்ணா."

எடுத்தார். போன் டார்ச்சை வெளியிலிருந்து நிப்பிள் துளைமேல் வைத்தாள். உள்ளே பார்த்தாள். மறுபடி வலப்பக்கம் போனாள். அங்கும் வைத்துப் பார்த்தாள்.

சுத்தியல் யூனுஸின் கையில் இருந்தது.

"ஏனுங்ணா, அந்தப் பக்கம் ஓட்டை வழியா வெளிச்சம் உள்ள வருது. இந்தப் பக்கம் ஏன் வரலை?"