சோலைக்குள் ஏறிய விலை

வனத்துறை செக்போஸ்டுக்கு நூறடி முன்னால் அஜய் பிரேக்கை மிதித்தான். ஜீப்பின் டாஷ்போர்டில் வைத்திருந்த போனில், காலையிலிருந்து பச்சையாக ஏறிக்கொண்டிருந்த பங்கு விலை சட்டென்று சிவந்து மூன்று ரூபாய் இறங்கியது. அதோடு சிக்னலும் போயிற்று. இனி சோலைக்காட்டைத் தாண்டி வட்டவடை போய்ச் சேரும்வரை ஒன்றும் தெரியாது.

ஒரு வருஷமாக மூணாறு ஜீப் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவனுக்குப் பங்குச்சந்தைதான். கொள்கை ஒன்றே ஒன்று: சந்தை போகிற பக்கம் போ, திரும்பினால் மறுநிமிஷம் விற்றுவிட்டு வெளியே வா. நல்ல கொள்கைதான், யார் இல்லை என்றது? ஆனால் இதுவரை போட்டது ஐயாயிரம், பத்தாயிரம். இன்று காலை போட்டது ஆறு லட்சம். நாலு நாளாக விடாமல் ஏறிய பங்கு என்றதும் கை பரபரத்துவிட்டது.

அது அவன் அம்மா செல்வலட்சுமி முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளி, ஓய்வுபெறும்போது வாங்கிய சர்வீஸ் பணம். வேலை முடிந்ததால், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதமே பாக்கி. தேவிகுளம் பக்கம் ஒரு சின்ன வீட்டை விலை பேசி முடித்திருந்தார்கள். பத்திரம் பதியும்வரை உன் அக்கவுண்டில் கிடக்கட்டும் என்று அவள்தான் கொடுத்தாள். விலை இறங்கினால் தானாகவே விற்கும்படி போனில் ஒரு ஆர்டர் போட்டு வைத்திருக்கலாம். அதற்குள் டூரிஸ்ட் குடும்பம் ஏறி உட்கார்ந்து, கிளம்புங்க கிளம்புங்க என்று அரித்தது. கிளம்பிவிட்டான், மடையன்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, திருப்பவும் முடியாது. பின்சீட்டில் இருந்தவர்கள் யானை வருமா என்று சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். ஐந்து ரூபாய் இறங்கினால் வாசல் கதவு போச்சு, பதினைந்து இறங்கினால் அடுப்படி போச்சு என்று வளைவுக்கு வளைவு வீடு கரைந்துகொண்டே வந்தது.

எதிரே அவன் ஸ்டாண்டு டிரைவர் ஜோமோனின் ஜீப் வந்தது. அந்தப் பாதையில் வெளியே போகிற டிரைவர்தான் எல்லோருக்கும் தபால்காரர். ரூம் ரெடி பண்ணச் சொல், சாப்பாட்டுக்குச் சொல்லிவிடு என்று வண்டியை உரசுகிற மாதிரி மெதுவாக்கிச் சேதி சொல்வார்கள். அஜய் சேதி சொல்லவில்லை. போனையே நீட்டினான், ரகசிய எண்ணோடு.

"சிக்னல் வந்ததும் எல்லாத்தையும் வித்துரு. எறங்குனாலும் சரி, ஏறுனாலும் சரி, வித்துரு."

வண்டி நகர்ந்த பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. வட்டவடை போய்ச் சேர்ந்ததும் டீக்கடை முத்துப்பேச்சியிடம் போன் வாங்கித் தன் எண்ணையே அழைத்தான். இரண்டு தடவை தப்பாக அழுத்தினான்.

விற்றாயிற்று என்றான் ஜோமோன். விலை திரும்ப ஏறியிருந்ததாம். எல்லாம் போக இருபத்திரண்டாயிரம் லாபம். அஜய் கேரட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். ஜோமோன் சூதுவாதில்லாமல் மேலே சொன்னான்: நடுவில் உன் அம்மா கூப்பிட்டார், போன் ஏன் என்னிடம் இருக்கிறது என்று கேட்டார், ஆறு லட்சத்துப் பங்கு விற்கிறேன் என்றேன், உடனே வைத்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அஜய்க்கு அம்மா முகம்தான். ஸ்டாண்டில் போனை வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பணம் பத்திரமாக இருக்கிறது, லாபம்கூட வந்திருக்கிறது என்றான்.

"தோத்திருந்தா அழுதுட்டு விட்ருப்ப. ஜெயிச்சிட்டியே, அதான்டா எனக்குப் பயமா இருக்கு."

இனி தொடமாட்டேன் என்று அவள் தலையில் கை வைக்கப் போனான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விக்காம வச்சிருந்தா எம்புட்டு வந்திருக்கும்னு பாத்தியா?"

இல்லை என்றான். ஸ்டாண்டில் ஒரு முறையும், மேட்டில் ஏறும்போது ஒரு முறையும் பார்த்திருந்தான். விற்ற விலைக்கு மேல் பதினெட்டு ரூபாய் ஏறியிருந்தது. அவள் கையை விடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோலைக்குள் வந்ததைவிடப் பெரிய பயம் அப்போதுதான் அவனைப் பிடித்தது.