மாதேஸ்வரியின் ஜீரோ

புருஷன் செல்வம் இறந்த நாளிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாக, மாதேஸ்வரிக்குத் துக்கம் பூஜ்யமாக இருந்தது. கொஞ்சம் என்று சொல்லவில்லை, பூஜ்யம். அவள் கல்நெஞ்சக்காரியும் அல்ல, புருஷனோடு ஒத்துப்போகாதவளும் அல்ல. குருபரப்பள்ளி மாம்பழக்கூழ் ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் முனிராஜ், 2019 ஜூன் பதினெட்டாம் தேதி மத்தியானம் அவள் தோளில் கை வைத்து ஜீரோ செய்துவிட்டான், அவ்வளவுதான். அன்று பெங்களூரா மாங்காய் டன் பதினாலாயிரத்துக்குப் போனது. மறுநாள் ஐந்நூறு இறங்கியது.

நடந்தது இது. ஆலையில் கூழ் காய்ச்சும் பெரிய கெட்டில்கள் ஆறு. ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று எண்ணில் காட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று உண்டு. ஸ்மார்ட் கருவி என்று பெயர். அது பூஜ்யம் காட்டினால்தான் கெட்டில் மூடியின் பூட்டு விடும். அன்று காலை நாலாம் நம்பர் கெட்டிலில் ஒரு காய்ச்சல் முடிந்து, நீராவியை வெளியேற்றும் வால்வைத் திறந்தார்கள். கொஞ்ச நேரம் சீறிவிட்டு அடங்கியது. எல்லாம் போய்விட்டது என்று எல்லாரும் முடிவு கட்ட, கருவி மட்டும் ஒன்று புள்ளி ஆறில் நின்றது. நீராவி போகும் குழாயை மாம்பழ நார் அடைத்திருந்தது. அது ஒருவர் புத்தியிலும் தட்டவில்லை. வீட்டில் பால் திரிந்தாலும் புது மருமகள்மேல் பழி என்பது போல, அந்த ஆலையில் எது நின்றாலும் பழி கருவிமேல்தான்.

சந்தேகம் தீர்க்க முறை இருக்கிறது. கெட்டிலுக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள சின்னக் குழாயை மூட வேண்டும். கருவிப்பக்கத்துத் திருகைத் தளர்த்தி, அதற்குள் இருப்பதைக் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். அப்போது அது பூஜ்யம் காட்டினால் கருவி யோக்கியன், கெட்டிலில்தான் கோளாறு. எட்டு நிமிட வேலை. ஆனால் கேட்டுக்கு வெளியே முப்பத்தோரு லாரி, பழச்சாறு டயரில் வடிய நின்றுகொண்டிருந்தது. ப்ளாண்ட் மேனேஜர் சந்தோஷ் அந்த எட்டு நிமிடத்தைக் கொடுக்கவில்லை. அப்படியே ஜீரோ அடி என்றார். முனிராஜ் கையடக்கப் பெட்டியைக் கருவியோடு இணைத்தான். அழுத்தம் நீக்கப்பட்டுவிட்டதா, ஆம், இல்லை என்று பெட்டி கேட்டது. அது எல்லாரையும் கேட்கும் கேள்வி. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்பது மாதிரி. அவன் 'ஆம்' அழுத்தினான். இருந்த அழுத்தத்தையே பூஜ்யம் என்று கருவி எடுத்துக்கொண்டது. பூட்டு விட்டது. கெட்டில் ஆப்பரேட்டர் செல்வம், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே எண்ணை ஒருமுறை பார்த்து, பூஜ்யம்தான் என்று உறுதி செய்துகொண்டு, மூடியின் சக்கரத்தைத் திருப்பினான். மணி பத்து நாற்பது.

முனிராஜுக்கு ஒரு கீறல் இல்லை. கிருஷ்ணகிரிக்குப் போகும் ஆம்புலன்ஸில் நடுங்கிக்கொண்டே, 'ஆம்' அழுத்திய வலது கையை நெஞ்சில் வைத்தான். நடுக்கம் நின்றது, பயம் நின்றது, அடுத்து பசி எடுத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த சந்தோஷ் இதைக் கவனித்தார். மேனேஜர் வேலைக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கவனிப்பார்கள். ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே மாதேஸ்வரி தரையில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். முனிராஜைக் கூட்டிப்போய், அவள் தோளில் கையை வைக்கச் சொன்னார். வைத்தான். குழாயைத் திருகி மூடியது போல அழுகை நின்றது. அவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, இங்கே டீ கிடைக்குமா என்று கேட்டாள். டீ வருவதற்குள் ஒரு காகிதமும் வந்தது. செல்வம் அனுமதி இல்லாமல், தன் கவனக்குறைவால் மூடியைத் திறந்தான் என்று அதில் இருந்தது. அவள் எட்டாவது படித்தவள், முழுக்க வாசித்தாள். எந்த வரியும் கனக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அடக்கம் முடிந்து வந்து அவள் ரசம் வைத்தாள், தாளிப்பு மணந்தது என்று பக்கத்து வீடுகளில் சொன்னார்கள். மாமியார் பாப்பம்மா மூன்றாம் நாள் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, கல்லுகூட மழையில ஈரமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லி, சாமல்பட்டியில் மகள் வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஒன்பது வயது அனுப்ரியா அப்பாவின் சட்டையை வைத்துக்கொண்டு அழும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிற மாதேஸ்வரி, மகளின் அழுகையைத் தனக்குத் தெரியாத நாலாவது பாஷையைக் கேட்பது போல மரியாதையோடு கேட்டுக்கொண்டிருப்பாள். ஆலை வாசலில் பலகை ஒன்று வைத்தார்கள்: 'செல்வத்தின் கவனக்குறைவு நமக்கெல்லாம் பாடம்.' போட்டோவோடு. அதைத் தாண்டித்தான் தினமும் தண்ணீருக்குப் போனாள். போட்டோவில் காலர் கசங்கியிருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

முனிராஜின் கைக்கு நல்ல கிராக்கி. ஆலையில் அவனுக்கு வெல்ஃபேர் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற முதுகு, ஒடிசாவில் தாய் செத்த சேதி, ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆத்திரம், எல்லாம் ஒரே கை, ஒரே ஜீரோ. கொரோனா வந்த வருடங்களில் வரிசை நெடுஞ்சாலை வரை நின்றது. எங்கள் ஊர் ஜனங்கள் எதிலும் பேரம் பேசுகிறவர்கள். பாதி மட்டும் எடுத்துவிடு, அப்பா ஞாபகம் கொஞ்சம் இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். பாதி வராது, வந்தால் ஜீரோதான் என்றான் அவன். சரி, கேட்டால் தப்பில்லையே என்று ஜீரோவே வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேட் செக்யூரிட்டி ஆஞ்சப்பன் நெஞ்சு வலியை மூன்று தடவை ஜீரோ செய்துகொண்டார். நாலாவது தடவைக்கு அவசியம் வரவில்லை. லாரிக்காகக் கம்பத்தைத் தூக்கி, டிரைவரிடம் காய் எந்தத் தோட்டம் என்று விசாரித்துக்கொண்டே, சிரித்த முகமாக விழுந்தார். இருதயத்தில் ஏற்கெனவே மூன்று அட்டாக் வந்து போன தழும்பு இருக்கிறது, வலியே தெரியலையா என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். தெரியாமல்தான் இருந்தது. அன்றிலிருந்து முனிராஜ் வலது கையில் தோல் உறை மாட்டிக்கொண்டான். யாரையும் தொடுவதில்லை. நாற்காலியை விட்டுப் பழையபடி கருவிகளிடம் போனான். மற்றபடி செல்வம் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவன் நெஞ்சிலும் அதே கை பட்டிருந்ததல்லவா, அங்கேயும் பூஜ்யம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாதேஸ்வரி, குலாம் முகம்மதுவின் மாங்காய் மண்டியில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். குலாம் முகம்மது முப்பது வருடம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிறவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். 2023 மே மாதம், அனுப்ரியா பெரியவளானாள். தகப்பன் இல்லாத சடங்கு. மாதேஸ்வரி லீவு கேட்கக்கூட இல்லை. சடங்குக்கு மறுநாளும் வழக்கம்போல வந்து கூடையைத் தூக்கி மின்தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழிக்கும் டேர் பொத்தானை அழுத்தி, எண் பூஜ்யத்துக்கு வந்ததும் காயைக் கொட்ட ஆரம்பித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இப்ப என்னா காட்டுது?"

"ஜீரோ பாய்."

"கூடை எங்க போச்சு?"

"இங்கதான் இருக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். பொத்தானை அழுத்தினா எடை மறையும், கூடை மறையாது. உம்மேலயும் எவனோ அழுத்திட்டுப் போயிருக்கான்."

அவள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தாள். கடந்த நான்கு வருடத்தில் எந்தக் கை தன் தோளில் பட்டது என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை, ஒரே கைதான்.

ஆலையின் கருவி அறைக்கு அவளை யாரும் தடுக்காமல் விட்டார்கள். பூஜ்யக்காரர்களுக்கு ஒரு வசதி, அவர்களைக் கண்டு யாருக்கும் பயம் வருவதில்லை. முனிராஜ் மேஜையில் ஒரு கருவியைப் பிரித்து வைத்திருந்தான்.

"நீ எடுத்ததைக் குடுத்துடுண்ணா," என்றாள்.

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா. எல்லாம் உன்கிட்டதான் இருக்குது. உனக்குத் தெரியாத மாதிரி பண்ணிட்டேன்."

"அப்ப தெரியிற மாதிரி பண்ணு."

"கையால ஆகாது. தப்பா அடிச்ச ஜீரோவை மாத்தணும்னா முதல்ல உள்ள இருக்கிறதைக் காத்துக்குத் தொறக்கணும்."

"தொறயேன். என்னாத்துக்கு யோசிக்கிறே?"

"நடந்ததை வெளிய சொன்னா வேலை போயிடும். ஜெயிலுக்கும் போவேன். உனக்கும் நல்லதில்ல. நாலு வருஷத்துது ஒண்ணா வந்தா தாங்க மாட்டே."

"எம்பொண்ணு நேத்து மஞ்சத்தண்ணி ஊத்தறப்ப அவங்கப்பனைக் கேட்டு அழுதுச்சு. நான் தண்ணி சூடு போதுமான்னு பாத்துக்கினு இருந்தேன். தாங்குறனா இல்லியான்னு நான் பாத்துக்கிறேன். நீ தொற."

அவன் உறையைக் கழற்றி மேஜையில் வைத்தான். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது, போகிறவர்களும் வருகிறவர்களும் வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்க, பலகைக்கு முன்னால் நின்று சொன்னான். மைக் இல்லை. சந்தோஷ் மாடி ஜன்னலில் இருந்தார்.

"கருவி உண்மையைத்தான் சொல்லுச்சு. உள்ள பிரஷர் இருந்துச்சு. மேனேஜர் அடின்னாரு, நான் தொறந்து பாக்காம ஜீரோ அடிச்சேன். செல்வம் அந்த ஜீரோவைப் பாத்துத்தான் மூடியைத் தொறந்தான். தப்பு அவன்மேல இல்ல. அவனை நான் கொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு மாதேஸ்வரி வாயைத் திறந்தாள். ஆலையில் இருந்த நாற்பத்தேழு அழுத்தக் கருவிகளும் தங்கள் அளவின் உச்சிக்கு ஓடி நின்றன. பாய்லரின் பாதுகாப்பு வால்வு தானாகத் தூக்கிக்கொண்டது. நெடுஞ்சாலையில் சென்னை பஸ் ஒன்றின் முன்கண்ணாடி நெடுக விரிசல் விட்டது. பலகை நடுவில் பிளந்தது. பிளந்ததை யாரோ கழற்றி ஓரமாகப் போட்டார்கள், மறுபடி மாட்ட ஒருவரும் முன்வரவில்லை. முனிராஜுக்கு அவனுடைய பாரமும் அதே நிமிடத்தில் வந்தது. உட்கார்ந்தவனைத் தூக்க ஐந்து பேர் முயன்றார்கள், முடியவில்லை. போலீஸ் ஜீப் அவனுக்காக மூன்று நாள் வாசலிலேயே நின்றது. அவன் கை வைத்த மற்றவர்களில் பன்னிரண்டு பேர் அந்த வாரத்துக்குள் படுத்தார்கள். எட்டுப் பேர் எழுந்தார்கள்.

அந்த அழுகைச் சத்தம் பதினோரு நாள் ஓயவில்லை. அவள் அதற்குள் தூங்கினாள், சாப்பிட்டாள், மகளுக்குத் தலை வாரினாள். அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் ஓர் ஒழுங்குக்கு வந்தது. இப்போது தினமும் காலை பத்து நாற்பதுக்கு ஆரம்பித்து நாலு நிமிடம். சூளகிரி வரை கேட்கும். வழக்கு நடக்கிறது. முனிராஜ் வாய்தாவுக்கு வாய்தா வந்து, அன்று சொன்னதையே சொல்கிறான். சந்தோஷ் வேறு மாநிலத்தில் வேறு ஆலையில் இருக்கிறார். அந்தக் காகிதத்தில் செல்வத்தின் பேருக்கு எதிரே இருக்கிற வார்த்தை இன்னும் திருத்தப்படவில்லை. திருத்தும் வரை சத்தம் நிற்காது என்று சிலர் சொல்கிறார்கள். திருத்தினாலும் நிற்காது என்று மாதேஸ்வரி சொல்கிறாள். புருஷன் செத்ததற்கு அழுகிறேன், காகிதத்துக்கா அழுகிறேன் என்று கேட்கிறாள்.

மண்டியில் அந்த நாலு நிமிடம் ஏலம் நிறுத்தப்படுகிறது, கேட்கிற விலை காதில் விழாது. கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர்கள் குருபரப்பள்ளிக்கு முன்னாலேயே டிக்கெட் போட்டு முடித்துவிடுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்கள் முதல் வாரம் என்ன அது என்று கேட்பார்கள். மாதேஸ்வரி என்று சொன்னால் தலையாட்டிக்கொண்டு போவார்கள். மழை நாட்களில் ஐந்து நிமிடம் வரை போகும்.