நனையாத மழைமானி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர், "நனைஞ்சுடும்னு மழைமானியையே வீட்டுக்குள்ள தூக்கி வச்சுட்டாங்க ஒரு அம்மா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் நிலம் என்ன ஆனது என்று கேட்காமல் விட்டது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கேட்காத பாவத்துக்கு இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

(பார்த்தீர்களா, சிரிப்பை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டேன். உருப்படியான எழுத்தாளராக இருந்தால் கடைசிவரை பொத்தி வைத்திருப்பார்.)

2

முதல் தொடக்கம்: "வெடித்துக் கிடந்த நிலத்தின் உதடுகள் ஒரு துளிக்காக..."

வேண்டாம். நிலத்துக்கு உதடு வைத்தால் அடுத்து பல்லும் வைக்க வேண்டிவரும்.

இரண்டாவது தொடக்கம்: தங்கை ஸ்கூட்டரை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

இது போதும். எப்போது விதைக்கலாம், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்று சிறு விவசாயிகளுக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்புவது தங்கையின் வேலை. வெயிலும் மழையும் சொன்ன பேச்சு கேட்காமல் போனபின் உண்டான வேலை அது. அக்காவுக்கு இரண்டு ஏக்கர், மக்காச்சோளம். அவள் நிலத்தில் நட்டிருக்கும் மழைமானி காட்டுகிற அளவைப் பார்த்துத்தான் சுற்றியுள்ள முப்பது வீட்டுக்கும் செய்தி போகும்.

சென்ற ஆண்டு தங்கை, "ஈரம் போதாது, பொறுங்க" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். முப்பது வீடும் பொறுத்தது. பிந்தி விதைத்து, பூக்கும் நேரத்தில் அனல் அடித்து, கதிரில் மணியே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் 'பொறுங்க மேடம்'.

இந்த ஆண்டு அக்காவிடம் இருப்பது ஒரே ஒரு மூட்டை விதை. போனால் போனதுதான். மண் இன்றைக்குப் பதமாக இருக்கிறது.

3

"ரெண்டு நாளைக்குள்ள பெருமழைக்கா. இப்ப விதைச்சா அடிச்சுட்டுப் போயிடும். கொஞ்சம் பொறு."

அக்கா மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "போன வருஷமும் இதே வாய்தானே சொல்லிச்சு?"

"போன வருஷம் உன் பக்கம் மழையே இல்லையேக்கா."

"யாரு சொன்னா? மூணு தடவை கொட்டுச்சு."

"அப்பவே ஏன் விதைக்கல?"

"நீதானே பொறுன்னே! படிச்சவ, ஏதாவது கணக்கு வச்சிருப்பேன்னு நம்பினேன். நட்டமானப்புறம் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்."*

தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க மழைமானி அனுப்பியது பூஜ்யம்தான்.

(*ஒரு வருஷமாக அக்காவும் தங்கையும் பேசவே இல்லையா என்று கேட்பீர்கள். எனக்கும் இந்த இடம் உதைக்கிறது. பேசினார்கள், தினமும். பிள்ளையின் இருமல், மாமாவின் முழங்கால் வலி, எல்லாம் பேசினார்கள். மழையை மட்டும் பேசவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?)

4

இங்கே வானத்தை இருட்ட வைக்கிறேன். என் கையில்தானே இருக்கிறது.

அக்கா விதையை அப்படியே போட்டுவிட்டு வீட்டை ஒட்டிய நிலத்துக்கு ஓடினாள். வாளி அளவில் வெள்ளைப் பெட்டி, தலையில் புனல், உள்ளே பேட்டரி; பெய்த அளவைத் தானே அலுவலகத்துக்கு அனுப்பும் மழைமானி அது. அதைக் கம்பத்திலிருந்து உருவி, துண்டில் சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பீரோவுக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"என்னக்கா பண்றே?"

"கரண்டு சாமான். நனைஞ்சா போச்சு."

"எத்தனை தடவை இப்படி..."

"மேகம் கறுத்தாலே எடுத்துடுவேன். மழை நின்னாதான் வெளிய வைப்பேன். இதுவரைக்கும் ஒரு சொட்டு படவிட்டதில்ல" என்றாள் அக்கா, பெருமையாக.

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். பஸ் நிறுத்தத்தில் நாங்கள் சிரித்தோமே. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வீடு. "உனக்குக் கொஞ்சமாவது" என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். பெட்டியை மாட்டிய நாளில், "இது போனா வேற வராது, கண்ணு மாதிரி பாத்துக்கோ" என்று சொன்னவள் அவளேதான். மழையில் விடு என்று சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

"நான்தான் சொல்லலக்கா. அது நனையத்தான் வேணும்."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் செத்துப்போனது. "அப்ப எல்லாரும் பட்டது... என்னாலயா?"

"நம்ம ரெண்டு பேராலயும்."

5

முடிவு அ: கொட்டித் தீர்க்கிறது. விதை தப்புகிறது. 'பொறுங்க மேடம்' மரியாதைப் பெயராகிவிடுகிறது. (ரொம்ப இனிக்கிறது.)

முடிவு ஆ: மேகம் கலைகிறது, மண் காய்கிறது, முப்பது வீடும் மறுபடி... (கை வரவில்லை. இவர்கள் இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.)

முடிவு இ: அப்போது ஒரு... (போதும்.)

6

இவ்வளவுதான் நடந்தது. அக்கா மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினாள். மழைமானியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் வைத்தாள். இடி இடித்தது. அவள் கை தானாகத் துண்டோடு நீண்டது. தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு முப்பது வீட்டுக்கும் போய் நானே சொல்லிடறேன்" என்றாள் அக்கா. "மழை பெஞ்சிருந்தா சொல்றது கொஞ்சம் சுலபமா இருக்கும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எழுதறவங்களே, பெய்யுமா பெய்யாதா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். இருவரும் என்னை முறைத்தார்கள்.

என்னால் ஆகவில்லை, வாசகரே, நீங்களே பார்த்துச் செய்யுங்கள். பெய்த அளவை இங்கே எழுதிவிடுங்கள்: ........ மில்லிமீட்டர். எழுதி முடிக்கும்வரை அக்காவின் துண்டை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.