பேரிங்குக்கு அடியில் ஒரு தகரம்

விடியற்காலையில் பழைய டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் ஃபிட்டர். முதுகுக்குக் கீழே சிமெண்டுத் தரை ஐஸாகச் சில்லிட்டது. எஞ்சினின் அடி நட்டை முழங்கை நரம்பு புடைக்கத் திருகினார். கறுத்த ஆயில் தட்டில் இறங்கியது. நிற்கும் என்று பார்த்தார், நிற்கவில்லை. தட்டு நிரம்பி விளிம்பில் தளும்பியது.

டிரைவர் ஆயில் ஊற்றாமல் ஓட்டி எஞ்சினைச் சாகடித்துவிட்டான் என்றுதான் நேற்று முழுக்க முதலாளி முழங்கியிருந்தார்.

முதலாளிக்குப் பண்ணையில் வைத்த பெயர் 'மைக்'. எதிரில் ஒற்றை ஆள் நின்றாலும் மாநாட்டில் பேசுவதுபோலத்தான் பேசுவார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று அவர் தொண்டையைச் செருமினால், யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அர்த்தம். நேற்று கிழிந்தது டிரைவருக்கு. இன்று சாயங்காலத்துக்குள் பண்ணை வீட்டையும் காலி செய்ய வேண்டும். டிரைவரின் மனைவி ஃபிட்டரின் கூடப்பிறந்த தங்கை.

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் தீய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. அதைத் தாங்கும் பேரிங்கை நெம்பி எடுத்தார். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு தகரத் துண்டு. இடம் நகர்ந்து, ஆயில் வரும் துளையைக் கச்சிதமாக மூடியிருந்தது. தகரத்தில் பாதி ரோஜாப்பூ. பிஸ்கட் டப்பாவில் வெட்டிய துண்டு.

வெட்டியது அவர்தான். போன உழவுக்கு முன்னால் பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டபோது, புதுசு வேண்டும் என்று கேட்டார். "உன் கையில வித்தை இருக்குய்யா, எதையாவது வெச்சு இறுக்கு" என்றார் மைக். வித்தை என்ற வார்த்தையில் ஃபிட்டர் வெண்ணெயாக உருகினார். இறுக்கினார். எஞ்சின் ஓடியது. மைக் எல்லோர் எதிரிலும் அவர் தோளில் கை போட்டார். அந்தச் சட்டையைத் துவைக்கவே மனசு வரவில்லை.

தகரத்தை, இன்றும் போட்டிருந்த அந்தச் சட்டையின் பையிலேயே போட்டுக்கொண்டார். நெஞ்சில் குத்தியது.

வாசலில் தங்கை. "அண்ணே, கைவண்டி கிடைக்குமா? சாமான் ஏத்தணும்."

"இரு, பாக்கலாம்."

"ராத்திரி பூரா அவரு தூங்கலண்ணே. ஊத்தினேனா, மறந்துட்டேனான்னு தன்னையே கேட்டுக்கிட்டு இருக்காரு. கடைசியில, நான்தான் மறந்திருப்பேன்னு ஒத்துக்கிட்டாரு."

ஃபிட்டர் ஸ்பேனரைத் துடைத்தார். சுத்தமாக இருந்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார். அவள் போய்விட்டாள்.

வெயில் ஏறியதும் மைக் வந்தார். வயலுக்குக் கிளம்பிய பெண்கள், வெல்டர், டிரைவர் எல்லோரையும் ஷெட்டில் நிற்கவைத்தார்.

"உழைப்புங்கறது தவம். தவத்துல தூங்கினா என்னாகும்? எஞ்சின் எரியும்!"

டிரைவர் தலை குனிந்து நின்றான். அந்தப் பிடரியைப் பார்க்க ஃபிட்டரால் முடியவில்லை.

"அவன் தூங்கல முதலாளி." சட்டைப்பையிலிருந்து தகரத்தை எடுத்து நீட்டினார். "தட்டைப் பாருங்க. ஆயில் நிறைய இருந்துச்சு. வழியை அடைச்சது இது. வெச்சது நான். வெக்கச் சொன்னது நீங்க."

தகரத்து ரோஜாவை எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் தகரம்னா சொன்னேன்? எதையாவதுன்னுதானேய்யா சொன்னேன்!"

களை எடுப்பவர்களில் மூத்தவள், எல்லோருக்கும் பெரியக்கா, இடுப்பில் கை வைத்தாள். "அப்ப சொன்னது வாஸ்தவம்தான்!"

சிரிப்பு ஷெட்டுத் தகரத்தில் எதிரொலித்தது. மைக் சிவந்தார். "மச்சான், மாப்பிள்ளை ரெண்டு பேரும் வெளிய போங்க! டவுன்ல மெக்கானிக்கா இல்ல?"

"இருப்பாங்க, கூட்டிட்டு வாங்க" என்றாள் பெரியக்கா. "ஆனா இவங்க சாமான் தெருவுக்கு வந்தா, எங்க கால் வயலுக்கு வராது. புது பேரிங் வரட்டும். டிரைவர் சீட்டுல ஏறட்டும். அப்புறம் பேசுவோம்."

"நாமெல்லாம் ஒரே..."

"அதைத்தான் முதலாளி நாங்களும் சொல்றோம்" என்றார் வெல்டர், கண்ணாடியைக் கழற்றிவைத்தபடி.

பெண்கள் களைக்கொத்திகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மைக் வெளியே வயலைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். "மண்ணு காயுதுய்யா" என்றார். முதல்முறையாக, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில். யாரும் எழவில்லை. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார்.

ஃபிட்டர் நின்றுகொண்டே இருந்தார். டிரைவர் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"காலையிலயே தெரியுமா மச்சான்?"

"தெரியும்."

"அவ வந்து நின்னப்பவும்?"

"ஆமா மாப்பிள்ளை."

டிரைவரின் தாடை இறுகியது. சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"எங்கிட்ட பேசாத" என்றான். "உக்காரு."