ரெண்டுக்கும் ஆன கோழி

வல்லத்திராக்கோட்டை பெரியகருப்பனுக்குக் கறி வேண்டும். அவன் பெண்டாட்டி அமிர்தவல்லிக்கு முட்டை வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் வேறு சண்டையே வந்ததில்லை. இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் தை மாசம் புதுக்கோட்டை டவுனில் விவசாயக் கண்காட்சி போட்டார்கள். இருவரும் பஸ் ஏறிப் போய், நெல்லையும் இரும்புக் கலப்பையையும் ஏறிட்டுப் பார்க்காமல், நேரே கோழிக் கூண்டுகளுக்கு முன்னால் நின்றார்கள்.

முதல் கூண்டில் வெள்ளை லெகார்ன். "வருஷத்துல பாதி நாளைக்கு மேல முட்டை போடும்" என்றார் தொப்பி வைத்த அதிகாரி.

பெரியகருப்பன் குனிந்து அதன் தொடையைத் தேடினான். "இது கோழியா, கொக்காங்க?"

அடுத்த கூண்டில் பெருவிடை என்ற பெரிய சாதி நாட்டுக்கோழி. அதைப் பார்த்ததும் அவனுக்கு வாயூறியது.

"முட்டை எப்புடிங்க?" என்றாள் அமிர்தவல்லி.

"கம்மிதாம்மா. கனத்த ஒடம்பு. அடையில ஒக்காந்தா அதையும் மிதிச்சு ஒடைச்சுப்புடும்."

"அதுக்கு நான் ஒரு எருமையை அடைக்கு வைப்பேனே!"

அதிகாரிக்குக் குடும்ப நிலவரம் விளங்கிவிட்டது. மூன்றாவது கூண்டுக்கு அழைத்துப் போனார். உள்ளே செங்கல் நிறத்தில் ஒரு சேவல் ஜமீன்தார் மாதிரி நின்றது. "இது ரோட் ஐலண்டு ரெட். கறிக்கும் ஆகும், முட்டைக்கும் ஆகும். ஒங்க வீட்டு நாட்டுக்கோழியோட விடுங்க. பொறக்குற பெட்டை பெருசாவும் இருக்கும், முட்டையும் நெறைய போடும்."

"ரோட்டுச் சேவலுக்கா இம்புட்டு மவுசு?" என்றான் பெரியகருப்பன். ஆனாலும் வாங்கினான். திரும்பும் வழியெல்லாம் அது அவன் மடியில் உட்கார்ந்து கூவிக்கொண்டே வந்தது.

வீட்டில் இருந்தது கறுப்பி என்ற சிறுவிடைக் கோழி. ஒரு செம்பு உயரந்தான் இருக்கும். புது மாப்பிள்ளையைக் கண்டதும் தாவி அவன் கொண்டையில் ஒரு கொத்து. ரோட்டுச் சேவல் அலறியடித்துச் சுவர் தாண்டி, பக்கத்து வீட்டு ஞானமணியின் கோழிகளுக்கு நடுவில் போய் விழுந்தது.

பெரியகருப்பன் தினமும் அதைத் தூக்கி வருவான். கறுப்பி தினமும் விரட்டும்.

"ஏ அமிர்தம், எதுக்கு ஒம் புருசன் இந்த அலைச்சல் அலையிறாரு?" என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள் ஞானமணி. "இங்கிட்டே இருந்துட்டுப் போகட்டும். நான் எரை போடுறேன்."

அந்தச் சுவரை இன்னொருவனும் தாண்டிக்கொண்டிருந்தான்: ஞானமணியின் மொட்டைக்கழுத்துச் சேவல். அது இங்கே வந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. கறுப்பி அடைகாத்துப் பொரித்தபோதுதான் தெரிந்தது. எல்லாக் குஞ்சுக்கும் மொட்டைக்கழுத்து. ஞானமணி வீட்டில் பொரித்ததெல்லாம் செங்கல் நிறம்.

அமிர்தவல்லி அழ ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டாள். ஞானமணி நியாயஸ்தி. இரண்டு மொட்டைக்கழுத்தை வாங்கிக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டைக்குஞ்சைக் கொடுத்தாள்.

குஞ்சு வளர்ந்தது. அதிகாரி சொன்னபடியே தொடை பருத்தது. தீபாவளி நெருங்கும்போது பழுப்பு நிறத்தில் முட்டைகளும் போட்டது. தீபாவளியன்று பெரியகருப்பன் அரிவாளோடு வந்தான்.

அமிர்தவல்லி கோழியை மடியில் கட்டிக்கொண்டாள். "அறுத்தா முட்டை போச்சுல்ல?"

அவன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. "சரி, அப்ப முட்டையையாவது அவி."

"அவிச்சா குஞ்சு போச்சே! இந்தச் சாதி பெருக வேண்டாமா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இருவரும் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள். கோழி இலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பெரியகருப்பன் ஒரு கை சோற்றை அள்ளி அதன் முன்னால் வைத்தான்.

"தின்னு ஆத்தா" என்றான். "இந்த வீட்டுல நீயாச்சும் நல்லாச் சாப்புடு."