உறுமலுக்குக் காத்திருந்தவர்

உலகத்தின் மூச்சே குமரகுருபரன் கையில்தான் இருக்கிறது, அவன் வழி விட்டால்தான் அது விடும்… இதைச் சிவசைலம் எத்தனை மேடையில் சொல்லியிருப்பார், மேடை என்றால் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துக் காபிக்கடை பெஞ்சு, மூச்சு என்றால் புகை, மகன் ஜெர்மனியில் காருக்குப் புகைக்குழாய் வரைகிறவன், சைலன்சர் என்றால் மெக்கானிக் கடை வாடை அடிக்கும் என்று அந்தச் சொல்லை அவர் வீட்டில்கூட அனுமதித்ததில்லை, கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை என்று தெரியாதா… இப்போது பிள்ளையார் கோயில் வாசலில் சிவப்பாக நிற்கிற இந்தச் சீனத்துப் பேட்டரி வண்டிக்குக் குழாயே கிடையாதாம். பின்னால் குனிந்து பார்த்தாயிற்று, இல்லைதான். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம், மாலை, எல்லாம் நம்மூர் முறைப்படி, குழாய் மட்டும் இல்லை. எதிர்வீட்டு லக்ஷ்மிநாராயணன், காலேஜில் பௌதிகம் நடத்தியவர், மகன் ஸ்ரீவத்ஸன் வாங்கிய வண்டியைத் தானே பெற்றதுபோலத் தடவிக்கொண்டு, "வாரும் பிள்ளைவாள், உம்ம பிள்ளையாண்டான் இருக்கற லைனாச்சே, வண்டி எப்படின்னு நீர்தான் சொல்லணும்" என்றார். குசும்பா, மரியாதையா? "இதெல்லாம் பொம்மை வே, ஜெர்மன்காரன் செய்யுததுல்லா வண்டி" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, பழக்கம், வாய்க்கு இன்னும் விஷயம் போய்ச் சேரவில்லை…

காலையில்தான் சொர்ணாம்பாள் இட்லியை வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள், மருமகள் மதுமதி போன் பண்ணினாளாம், "சீனாக்காரன் பாதி விலைக்கு விக்கானாம், குழாய் வரையுத பிரிவையே மூடிட்டாகளாம், குமருக்குச் சித்திரையிலயே வேலை போயிட்டு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டானாம்." ஏன், நான் என்ன தூக்கிலயா போடுவேன்? "அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காக, அவுகளுக்குக் கேவலமாப் போயிரும்னானாம்." சித்திரை… இப்போது ஆவணி. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் போனில் சிரித்தானே, மழை உண்டாப்பா, ஆத்துல தண்ணி போகுதா என்று கேட்டானே, போன வாரம், மாடி காலியாத்தான இருக்கு என்றானே, எதற்குக் கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், வாடகைக்கு விடப்போறேம்லே, ஆளுகூடப் பாத்தாச்சு என்று பெருமையாகச் சொல்லி, அவன் பேசாமல் இருந்ததை லைன் கட்டாகிவிட்டதாக நினைத்து ஹலோ ஹலோ என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாரே…

தேங்காய் உடைந்தது. "வண்டியை எடுங்கோ" என்றார் குருக்கள். சிவசைலம் கண்ணை மூடிக் கைகூப்பினார், வண்டி உறுமியதும் கண் திறப்பது அவர் வழக்கம், அதுவரை சாமியிடம் பேசலாம்… பிள்ளையாரப்பா, எந்தக் கம்பெனியானாலும் சரி, அந்தச் சீனாக்காரன் ஐரோப்பாவிலும் பாக்டரி போடுகிறானாமே, அங்கேயாவது ஒரு நாற்காலி, காபிக்கடையில் கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம், என்ன சொல்லிச் சமாளிப்பது, அது இருக்கட்டும், மாடிக்கு ஆள் வைக்கவில்லை என்று முதலில் அவனிடம் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் எப்படிச் சொல்வது, அவன் எனக்காக மறைக்கிறான், நான் அவனுக்காக மறைக்க வேண்டும், நடுவில் அந்த மாடி மட்டும் காலியாக… ஏன் இன்னும் உறுமவில்லை, கோயில் வாசலிலேயே படுத்துவிட்டதா, சீனத்துச் சரக்குதானே, வயிற்றில் ஒரு சின்னச் சந்தோஷம் குளிர்ந்தது, இப்போதுதானே அந்தச் சீனாக்காரனிடமே வேலை கேட்டோம் என்று உடனே கூசியது…

"அண்ணாச்சி, பைய நவுருங்க. அவுகள்லாம் ஏறிப் போயிட்டாக, நீங்க இன்னும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிய. நான் அடுத்த தெருவுக்குப் போவாண்டாமா?"

கண் திறந்தார். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கிக் கிடந்தன. கூப்பிய கைக்கு நேராக, சண்முகசுந்தரி ஓட்டி வந்த மாநகராட்சிக் குப்பை வண்டி நின்றது. அதுவும் பேட்டரி வண்டிதான்.