யூலின் நீட்டிய கை

வளைகுடாவில் உள்ள எங்கள் விலங்குப் பூங்காவில் யூலின் என்ற பாண்டாவைப் பராமரிப்பவள் நான். கூண்டுக் கம்பியில் ஓர் இரும்புக் குழாய் பொருத்தியிருக்கிறோம். யூலின் தானாக அதற்குள் கையை நீட்டினால்தான் மயக்க ஊசி இல்லாமல் ரத்தம் எடுக்கலாம். அதன் பலவீனமான இதயத்துக்கு மயக்க ஊசி ஆபத்து. ஆப்பிள் துண்டு கொடுத்துக் கொடுத்து அதைப் பழக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதைக் கெடுக்க மேனேஜர் முரளிதரனுக்கு ஏழு நிமிடம் போதுமாயிருந்தது.

வியாழக்கிழமை விருந்தாளிகளோடு வந்தார்.

"எப்சிபா, கையை நீட்டச் சொல்லு. இவங்க ஷேக்ஹேண்ட் பண்ணணுமாம்."

"வேண்டாம் சார். அது வித்தை இல்ல. என்னை நம்பி நீட்டுது. ஒரு தடவ பயந்துட்டா அப்புறம் நீட்டவே நீட்டாது."

"ரெண்டு போட்டோ, கலாஸ், முடிஞ்சுது. யல்லா, சீக்கிரம்!"

நான் அசையவில்லை. அவரே ஆப்பிளைக் காட்டினார். யூலின் கையை நீட்டியது. ஒருவர் அதன் நகத்தைப் பிடித்து இழுத்தபடி செல்ஃபி எடுத்தார். யூலின் அலறிக்கொண்டு மூலைக்கு ஓடியது. அத்தனை பேரும் சிரித்தார்கள். முவைலா ஏரியாவில் இருக்கும் என் ரூமுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. யூலின் குழாய்ப் பக்கமே வரவில்லை. டாக்டர் வேறு வழியின்றி மயக்க ஊசியை எடுத்தார்.

"என்ன ட்ரெயினிங் குடுத்த நீ? கையை நீட்ட வைக்கக்கூடத் தெரியல?" என்றார் முரளிதரன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பிள் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.

"நீங்க கூப்பிடுங்க சார். கடைசியா அது உங்களை நம்பித்தான் கை நீட்டுச்சு."